பிரேக்கில் ஏர் எடுக்கப் பாட்டிலும் டியூபும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, ஒர்க்‌ஷாப்புக்குப் போகத் தேவையில்லை, ஒரு காலி பாட்டிலும் ஒரு முழம் டியூபும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று அண்மையில் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய. அதை நம்பி இந்த வார இறுதியில் யாராவது ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன் இதையும் படித்துவிட்டால் நல்லது.

நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கின் மனைவி. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் சின் மிங் பக்கம் ஒர்க்‌ஷாப்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிலேத்தார் ஹில்ஸில் மாமனார் காலத்துத் தரைவீட்டில் இருக்கிறோம். வாசலில் ஒரு கார் நிற்க இடம் உண்டு. அந்த இடம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் சொந்தக்காரர் யாராவது "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று வருவார்கள். காபி குடித்து முடித்ததும்தான் விஷயம் வெளியே வரும்: "மாமா, பிரேக் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு." அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காருவார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பது நான். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. பிள்ளைகள் வளர்ந்து லைசென்ஸ் எடுத்த பிறகும் அவர் என்னைத்தான் கூப்பிடுவார். "அவங்க காலு அவசரக் காலு" என்பார்.

அதனால் இதை மிதிக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போனில் இருக்கும் வீடியோக்களில் கேமரா எப்போதும் சக்கரத்தைத்தான் பார்க்கிறது. பெடலில் இருக்கும் காலை யாரும் காட்டுவதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அந்த வாசகர் கேட்கவே இல்லை. காற்று எப்படி உள்ளே போனது? பிரேக் பைப் முழுக்க மூடிய பாதை. பெடலை மிதித்தால் மாஸ்டர் பம்ப் பிரேக் ஆயிலைத் தள்ளும், ஆயில் நசுங்காது, அந்த அழுத்தம் அப்படியே நான்கு சக்கரத்துக்கும் போகும். நடுவில் காற்று இருந்தால் கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நல்லபடியாக இருக்கும் காரில் காற்று தானாகப் புகாது. யாராவது பைப்பைக் கழற்றியிருக்க வேண்டும், காலிப்பரோ (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் பேடை அழுத்தும் பாகம்) மாஸ்டர் பம்போ மாற்றியிருக்க வேண்டும், ஆயில் டப்பா காலியாகும் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இது எதுவும் நடக்காமல் போன மாதம் நன்றாக இருந்த பெடல் இந்த மாதம் அமுங்குகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த நிலைமையில் ஏர் எடுத்தால் பெடல் இரண்டு வாரம் கெட்டியாக இருக்கும். அந்த இரண்டு வாரமும் ஒழுகல் அங்கேயே இருக்கும். ஏர் எடுப்பது ஒரு ரிப்பேரின் கடைசி வேலை. அதையே ரிப்பேர் என்று நினைத்தால்தான் ஆபத்து.

இரண்டாவது, பிரேக் "ஒரு மாதிரி" இருப்பதெல்லாம் காற்று இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காலை வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்து மிதிக்க மேலே வந்து கெட்டியானால் காற்றாக இருக்கலாம். பின்னால் டிரம் பிரேக் உள்ள காரில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். மிதித்து அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெதுமெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அது காற்று கிடையாது. வெளியே ஒழுகல், இல்லாவிட்டால் மாஸ்டர் பம்புக்குள் ரப்பர் போய்விட்டது. அந்தக் காரை ஓட்டவே கூடாது. ஓட்டும்போது பெடல் கல்லாக இருந்து, முழு பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கிறது என்றால், மிதியின் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். கால் துடிதுடிக்கிறதா, டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்கும் நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் ஒன்றும் மாறாது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். கெட்டிக்காரன், கார் என்றால் உயிர். ஜோகூரிலிருந்து பழைய காலிப்பர் இரண்டு வாங்கி வந்து முன்பக்கத்தில் அவனே மாட்டினான். மாட்டியதெல்லாம் சுத்தமான வேலை. அப்புறம் ஏர் எடுக்க ஆரம்பித்தான். ஆயில் டின் ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, பெடல் மட்டும் மேலே வரவே இல்லை. மாஸ்டர் பம்பையும் மாற்றிவிடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டு இருந்தபோதுதான், "ஆண்ட்டி, அங்கிள் இருக்காரா?" என்று வந்தான். இவர் போனார், குனிந்து பார்த்தார், சிரித்தார். இடது காலிப்பர் வலது பக்கத்திலும் வலது காலிப்பர் இடது பக்கத்திலும் இருந்தது. போல்ட் ஓட்டை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால் மாட்டும்போது தெரியவில்லை. ஏர் விடும் நிப்பிள் காலிப்பரின் மேல் முனையில் இருக்கவேண்டும், காற்று மேலேதான் ஏறும். பக்கம் மாறினால் நிப்பிள் கீழே பார்க்கும். கீழே பார்க்கும் நிப்பிள் வழியாக ஆயில் வரும், சுத்தமான ஆயில், குமிழியே இல்லாமல். காற்றெல்லாம் மேலே சுகமாக உட்கார்ந்திருக்கும். பக்கம் மாற்றி மாட்டியதும் நான் போய் மிதித்தேன். சில மிதியிலேயே கால் தடுத்தது.

சரி, இனி வேலைக்கு வருகிறேன். பழைய மாதிரி சாதாரண பிரேக் உள்ள கார், ஒழுகல் இல்லை, காரணம் தெரியும், சமமான தரை, உதவிக்கு ஒரு ஆள். இவ்வளவும் இருந்தால் வீட்டில் செய்யலாம். நாங்களே செய்கிறோம்.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குள் கையை விடாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் போகும்வரை நான் பெடலைப் பலமுறை மிதித்துவிடுவேன், கெட்டியாகிவிடும். நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்து, துரு இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கும், வளைய ஸ்பேனர்தான் வேண்டும். நிப்பிள் சின்ன உருப்படி, நடுவில் ஓட்டை வேறு. முரட்டுத்தனம் காட்டினால் உள்ளேயே முறிந்துவிடும். அப்புறம் காலிப்பரையே கழற்ற வேண்டியதுதான்.

நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்த்த வேண்டும். பிறகு எங்கள் உரையாடல் தொடங்கும். "மிதி" என்பார். மெதுவாக மிதித்து, "மிதிச்சிட்டேன்" என்பேன். நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார், பெடல் என் காலுக்குக் கீழே நழுவி இறங்கும். அந்த நொடிதான் முக்கியம். பெடல் இறங்குகிறதே என்று பயந்து காலை எடுத்தால், வெளியே போன காற்று அப்படியே உள்ளே இழுபடும். அவர் நிப்பிளை மூடி "விடு" என்று சொல்லும்வரை கால் அங்கேயே இருக்கவேண்டும். மூடுவது முன்னால், விடுவது பின்னால். இந்த வரிசை ஒருமுறை மாறினாலும் அதுவரை செய்தது வீண். மிதிப்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. (என் மருமகனிடம் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பயனில்லை. அதனால்தான் இன்னும் நான்.)

"மிதிச்சிட்டேன்", "விட்டுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வதும் முக்கியம். கீழே இருப்பவருக்குப் பெடல் தெரியாது, மேலே இருப்பவருக்கு நிப்பிள் தெரியாது. சண்டை போட்ட நாளிலும் இந்த நான்கு வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் நிற்காது.

வேகவேகமாகப் பம்ப் அடிப்பது இன்னொரு பழக்கம். அப்படி அடித்தால் பெரிய குமிழி உடைந்து பொடிக் குமிழிகளாகி ஆயிலோடு கலந்துவிடும், எளிதில் வெளியே வராது. நிதானமாக மிதித்தால் போதும். பழைய காராக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையும் வைக்கச் சொல்வேன். தினமும் ஓட்டும்போது பெடல் பாதி தூரம்தான் போகும்; மாஸ்டர் பம்புக்குள் ரப்பர் தொடாத பகுதியில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் அந்தச் சொரசொரப்பில் உரசி ரப்பர் கிழியும். காற்றை எடுக்கப் போய்ப் புது மாஸ்டர் பம்ப் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கட்டை, உடைந்துபோன தேங்காய்த் துருவியின் பலகையை அறுத்து எடுத்தது. டூல்பாக்ஸிலேயே கிடக்கும்.

இடையிடையே பானெட்டுக்கு அடியில் ஆயில் டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அது குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போய்க் காலியானால் மாஸ்டர் பம்ப் காற்றைக் குடிக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டிலில் விழுந்த ஆயிலைத் திருப்பி டப்பாவில் ஊற்றக்கூடாது, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதிலும் வீடியோவைப் பார்த்துக் குழம்பியவர்கள் வருகிறார்கள். மாஸ்டர் பம்பிலிருந்து தூரமான சக்கரம் முதலில் என்பது பொதுவான வழக்கம். அமெரிக்காக்காரர் வீடியோவில் "வலது பின் சக்கரம்" என்பார். அவர் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், மாஸ்டர் பம்பும் அந்தப் பக்கம், அவருக்கு வலது பின்பக்கம் தூரம். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். இதுவும் எல்லாக் காருக்கும் பொருந்தாது, பிரேக் பைப் குறுக்காகப் போகும் கார்களில் கம்பெனி வேறு வரிசை சொல்லியிருக்கலாம். காரோட சர்வீஸ் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

ஆள் தேவையில்லை என்று கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் ஒன்று விற்கிறார்கள். என் அண்ணன் மகன் இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்தான். "அத்தை, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். எடுத்தேன். சாயங்காலம்வரை டியூபில் குமிழி வந்துகொண்டே இருந்தது. காருக்குள் அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்? நிப்பிளைத் திறந்ததும் அதன் மரை வழியாக வெளிக் காற்றை அந்தப் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிரேக்கில் ஒன்றுமே இல்லை. மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பெருமளவு அடங்கும். கருவி கெட்டதில்லை, ஆனால் அது காட்டும் குமிழியை நம்பி முடிவெடுக்க முடியாது. கடைசியில் பெடலை ஒரு கால் மிதித்துத்தான் பார்க்கவேண்டும்.

முடிந்த பிறகு எஞ்சினை ஓட விட்டு மிதிக்கும்போது பெடல் கொஞ்சம் இறங்கும், பூஸ்டர் வேலை செய்வதால் அது சரிதான். அங்கிருந்து அழுத்திப் பிடித்தால் நகரக் கூடாது. நான்கு நிப்பிளையும் துணியால் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று பார்த்து, வீட்டுக்கு முன்னாலேயே நடக்கிற வேகத்தில் இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பார்க்கவேண்டும். நேராக எக்ஸ்பிரஸ்வேயில் போய்ச் சோதிக்கக் கூடாது. ஆயில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பெயின்ட் உரியும்.

காற்றைவிட நம் ஊரில் நான் பயப்படுவது தண்ணீருக்கு. சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். வருடம் முழுக்க இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். டின் மேல் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பது கொதிநிலை சம்பந்தப்பட்டது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, தண்ணீர் சேர்ந்தால் 140. அங் மோ கியோவுக்கும் தெம்பனிசுக்கும் போய்வருகிற காரில் இது தெரியவே தெரியாது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போய் இறங்கும்போது தெரியும். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பேட் சூடாகி, காலிப்பர் சூடாகி, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியும் நசுங்கும். பெடல் தரைவரை போகும்.

இதில் பொல்லாதது என்னவென்றால், வண்டியை எப்படியோ ஓரங்கட்டி ஆறவிட்டால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். "ஏதோ காத்து புகுந்திருக்கும், தானா சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் வாசலில் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏர் எடுத்தால் ஒரு குமிழிகூட வராது. வேண்டியது பழைய ஆயில் முழுவதையும் வெளியே தள்ளிப் புதியது மாற்றுவது. பல கார் கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நம் ஆட்கள் கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்து, "நான் வாரக் கடைசியில மட்டும்தான் ஓட்டுறேன்" என்பார்கள். கார் நின்றாலும் ஆயில் ஈரத்தை இழுக்கும்.

இரண்டு சின்ன விஷயம், கடையில் டின் வாங்குபவர்களுக்கு. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நான்கைவிட ஐந்து உசத்தி என்று வாங்கிவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது டாட் 4 இனம். காரின் ஆயில் டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள். திறந்த டின்னில் மீந்ததை ஸ்டோர் ரூமில் வைத்து அடுத்த வருடம் ஊற்றாதீர்கள், இந்த ஊர் ஈரம் அதற்குள்ளும் போயிருக்கும். இன்னொன்று, டப்பாவில் ஆயில் லேசாகக் குறைந்தால் பதறி நிரப்பவும் வேண்டாம். பேட் தேயத் தேய அந்த அளவு தானாகக் கொஞ்சம் இறங்கும். பேட்டைப் பாருங்கள் என்று அது சொல்கிறது. மேலே ஊற்றி வைத்தால் புது பேட் போடும்போது பிஸ்டனைத் தள்ள, டப்பா வழிந்து எஞ்சின் மேலெல்லாம் கொட்டும்.

யார் வீட்டில் செய்யவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள். பல மாடல்களில் பிரேக்கைக் கம்ப்யூட்டர் இயக்குகிறது, கதவைத் திறந்தாலே பம்ப் வேலை செய்யத் தொடங்கும் கார்கூட உண்டு. ஏர் எடுக்க ஸ்கேன் கருவியை மாட்டி அதற்கான முறைக்கு மாற்றவேண்டும். சாதாரண காரிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால், பல கார்களில் ஸ்கேனர் வைத்து அதன் பம்பை ஓடவிட்டால்தான் வெளியே வரும். என் காலால் முடியாது. எங்கள் வீட்டுக்காரரே இப்படிப்பட்ட கார் வந்தால் சாவியைத் தொடாமல் பழைய சகாக்களிடம் அனுப்பிவிடுகிறார்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யலாமா என்றால், வேண்டாம். அங்கே வண்டி ரிப்பேர் செய்ய அனுமதியில்லை. அனுமதி இருந்தாலும் சாய்வான தரை, மங்கலான வெளிச்சம், பக்கத்து லாட்டில் இன்னொருவர் கார். அந்த வாசகர் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதது எனக்கு ஆச்சரியம். தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களில் தரைவீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் செய்ய முடியாத வேலைக்கு வழி சொல்லியிருக்கிறார். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும் குற்றம்தான். நம் சாக்கடைத் தண்ணீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, அதைத்தான் நாம் குடிக்கிறோம். மூடி போட்ட பாட்டிலில், உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடவேண்டும்.

ஆகவே பெரும்பாலோர் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகப்போகிறார்கள். அங்கே என்ன பார்க்கவேண்டும் என்று யாராவது எழுதினால்தான் உபயோகம். என் மகள் தன் காருக்கு ஓர் இடத்தில் பிரேக் ஆயில் மாற்றிக்கொண்டு வந்தாள். பெயர் வேண்டாம். காத்திருந்த நேரத்துக்குள் காபி ஆறவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். இவர் சந்தேகப்பட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். நான்கு நிப்பிளின் ரப்பர் தொப்பியிலும் பழைய பிரேக் தூசி கலையாமல் அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட மினுமினுப்பு எங்கேயும் இல்லை. மேலே டப்பாவில் மட்டும் வெளிர் மஞ்சளாகப் புது ஆயில். டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்றியிருக்கிறார்கள். காலிப்பருக்குள், சூடு ஏறுகிற இடத்தில், பழையதேதான். பில்லில் முழு மாற்றத்துக்கான காசு. மறுபடி வாசலில் ஜாக் போட்டு, நான் மிதிக்க, இவர் திறக்க, கறுத்த பழுப்பு நிறத்தில் வந்தது.

மகள் உடனே, "அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கே, அங்க பிடிச்சிருப்பாங்க" என்றாள். மூன்று வயதான கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பத்து வயது தாண்டியது வருடா வருடமும் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே சக்கரத்தை உருளையில் ஏற்றி பிரேக் பிடிக்கும் விசையை அளக்கிறார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அன்றைக்கு பிரேக் மலை இறங்கிச் சூடான பிரேக் இல்லையே.

ஒர்க்‌ஷாப் நடத்தும் தமிழர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பில்லில் "பிரேக் சர்வீஸ்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். டாட் 3-ஆ 4-ஆ, எத்தனை சக்கரத்தில் வெளியே எடுத்தீர்கள், எவ்வளவு ஆயில் போனது என்று எழுதுங்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒழுங்காக மாற்றினால் பல கார்களுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும், கால் லிட்டரில் முடியாது. பழைய ஆயிலைப் பாட்டிலோடு காட்டுங்கள். தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், எஞ்சின் ஆயிலுக்கு ஒட்டுகிறீர்களே, அதைப்போல. கார் வைத்திருப்பவர்களும் சாவியைக் கையில் வாங்கியதும் எஞ்சினை ஓடவிட்டு, அங்கேயே ஒருமுறை பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இறங்கினால் வெளியே எடுக்காதீர்கள், மெக்கானிக் கையைக் கழுவிவிட்டுப் போவதற்குள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
சிலேத்தார் ஹில்ஸ்